கணினிக் கணக்கின் விதிகளில் பயனருக்கு என்ன வேலை?

கேள்வி இதுதான்: "கடைக்கணக்கு மென்பொருள், எக்செல், கொஞ்சம் பைத்தான், இவ்வளவுதான் எனக்குத் தெரியும். கணினி எண்கணிதத்துக்கான 754 என்ற தரநிலையை மறுபடி திருத்துகிறார்களாம், பயனர்களும் பங்கெடுக்கலாமாம். என்னைப் போன்றவர்கள் அதில் சொல்ல என்ன இருக்கிறது? சொன்னாலும் யார் காதில் விழும்?"

சொல்ல நிறைய இருக்கிறது. கேட்கவும் செய்வார்கள். ஆனால் அபிப்பிராயத்தைக் கேட்க மாட்டார்கள், கணக்கு உதைத்த இடத்தை அப்படியே பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினால் கேட்பார்கள். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தபால் போடுகிற வேலை மாதிரிதான். எனவே தரநிலையின் வரலாற்றை முழுக்கச் சொல்லாமல், பயனர் கை பட்ட இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஓசூரில் ஒரு பெயின்ட் மொத்த வியாபாரி, எனக்குப் பழக்கம். பெங்களூருக்கும் சரக்கு போகும். அவருடைய மகள் பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதி பில்லுக்கு வரி போட்டுக்கொண்டிருந்தாள். மாதக் கடைசியில் ஆடிட்டரின் எக்செல் தாளோடு வைத்துப் பார்த்தால் நாலு ரூபாய், ஏழு ரூபாய் என்று உதைக்கும். நிரலில் எங்கே தவறு என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். நிரலில் தவறே இல்லை.

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். சரக்கின் மதிப்பு 625 ரூபாய், வெளிமாநில விற்பனை, வரி 18 சதவீதம். வரித் தொகை 112.50. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாக ஏற்று, குறைவாக இருந்தால் விட்டுவிடு. ஆக 113. எக்செலும் 113 என்றது. பைத்தான் 3-இன் ரவுண்டு 112 என்றது. சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணை அது பக்கத்தில் இருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும். 112.5 போனால் 112, 113.5 போனால் 114. வங்கியாளர் ரவுண்டிங் என்று இதற்குப் பெயர். எப்போதும் மேலேயே ஏற்றிக்கொண்டு போனால் ஆயிரக்கணக்கான எண்களைக் கூட்டும்போது மொத்தம் மேல்பக்கம் சாய்ந்துவிடும், அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. அறிவியல் கணக்குக்கு நல்ல விதி. ஜிஎஸ்டிக்கு ஆகாது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. சரக்கு திரும்பி வந்து கிரெடிட் நோட் போட்டால் தொகை மைனஸ் 112.50. எக்செல் மைனஸ் 113 என்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் மேத்-ரவுண்டு, விற்கும்போது 113 என்று சொன்ன அதே ஆசாமி, திரும்பி வரும்போது மைனஸ் 112 என்கிறது. பாதி வந்தால் அது எண்கோட்டில் வலப்பக்கமாகவே நகரும். விற்று, திரும்ப வாங்கி, இரண்டையும் கழித்தால் ஒரு ரூபாய் மிஞ்சும். எதுவுமே பழுதில்லை, எல்லாம் அதனதன் கையேட்டில் எழுதியிருப்பதைத்தான் செய்கின்றன.

இப்போது 754-க்கு வருவோம். ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பு (பேச்சில் ஐ ட்ரிபிள் ஈ) 1985-இல் வெளியிட்ட தரநிலை அது. புள்ளி வைத்த எண்களைக் கணினி எப்படிச் சேமிக்க வேண்டும், கூட்டிப் பெருக்கும்போது விடையை எப்படி ரவுண்டு செய்ய வேண்டும், பூஜ்ஜியத்தால் வகுத்தால் என்ன தர வேண்டும் என்பதையெல்லாம் சொல்வது. உங்கள் போன், லேப்டாப், எக்செல் எல்லாம் அதன்படிதான் ஓடுகின்றன. 2008-இல் பெரிதாகவும் 2019-இல் சிறிதாகவும் திருத்தினார்கள். ஐ.இ.இ.இ. தரநிலைகளைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால் அடுத்த பதிப்பு 2029-ஐக் குறிவைத்து நடக்கிறது.

1985 பதிப்பில் பைனரி (0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதும் எண்முறை) மட்டும்தான் இருந்தது. தசம எண்ணுக்கு இடமில்லை. (1987-இல் 854 என்று ஒரு தரநிலை தசமத்தையும் சேர்த்துக்கொண்டது, ஆனால் சிப் செய்கிறவர்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.) உலகத்தின் வியாபாரக் கணக்கெல்லாம் அப்போதே கோபால் (COBOL) என்ற நிரல் மொழியில், தசமத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் 754-க்காக மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் சிப் நிறுவனத்தாரும், பிழைப் பகுப்பாய்வில், அதாவது கணக்கில் பிழை எவ்வளவு சேரும் என்று ஆராய்வதில், தேர்ந்த கணிதக்காரர்களும். கல்லாப்பெட்டியிலிருந்து யாரும் போகவில்லை. போயிருந்தால் தசமம் 23 வருடம் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது என்பது என் எண்ணம்.

2008-இல் தசமம் உள்ளே வந்ததற்குப் பெரிய காரணம் ஐ.பி.எம்.மின் மைக் கௌலிஷா. அவர் வாதாடிய விதம்தான் நமக்குப் பாடம். தத்துவம் பேசவில்லை. ஒரு தொலைபேசிக் கட்டணத்தைக் காட்டினார். 70 சென்ட், அதற்கு 5 சதவீத வரி. கையால் போட்டால் 0.735, ரவுண்டு செய்தால் 74 சென்ட். பைனரியில் போட்டால் பெருக்கல் விடை 0.735-க்கு ஒரு இம்மி கீழே, 0.73499999 என்று போய் விழும், ரவுண்டு செய்தால் 73 சென்ட். ஒரு அழைப்புக்கு ஒரு சென்ட். தொலைபேசி நிறுவனம் ஒரு நாளில் எத்தனை லட்சம் அழைப்புகளுக்கு பில் போடும் என்று நீங்களே கணக்குப் பண்ணிக்கொள்ளலாம். கூடவே, நிறுவனங்களின் தரவுத்தளங்களைப் பற்றி வந்திருந்த ஓர் ஆய்வையும் எடுத்துக் காட்டினார். எண்கள் இருந்த நெடுவரிசைகளில் 55 சதவீதம் தசமமாகவே வைக்கப்பட்டிருந்தன. பயனர்கள் குழுவுக்கு வரவில்லை, பயனர்களின் தரவு வந்தது. அது போதுமானதாக இருந்தது.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். தசம எண்ணை பிட்டுகளாக எழுத ஐ.பி.எம். ஒரு முறை வைத்திருந்தது, இன்டெல் வேறொரு முறை வைத்திருந்தது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. தரநிலை இரண்டையும் ஏற்றுக்கொண்டது. விற்கிறவர்கள் இரண்டு பேரும் மேசையில் இருந்தார்கள், வாங்குகிறவர் இல்லை. இருந்திருந்தால் "எனக்கு ஒன்று போதும், இரண்டுக்கும் நடுவில் மாற்றிக்கொண்டிருக்க என்னால் ஆகாது" என்று சொல்லியிருப்பார்.

இதெல்லாம் ஐ.பி.எம். ஆள் செய்தது, தனி மனிதர் சொன்னால் எடுபடுமா என்று கேட்பீர்கள். 1994 கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அமெரிக்காவில், வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் கல்லூரியில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் இரட்டைப் பகா எண்களின் (11, 13 போல இரண்டு வித்தியாசத்தில் ஜோடியாக வரும் பகா எண்கள்) தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். புதிதாக வாங்கிய பென்டியம் கணினியில் விடை உதைத்தது. நிரலில் தவறா, கம்பைலரில் (நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) தவறா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் சிப்தான் வகுத்தலில் தவறுகிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டு அக்டோபரில் சிலருக்கு மின்னஞ்சல் போட்டார். சிப்புக்குள் இருந்த ஒரு அட்டவணையில் ஐந்து கட்டங்கள் விட்டுப்போயிருந்தன. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.3338 வர வேண்டிய இடத்தில் 1.3337 வந்தது. நாலாவது தசம இடத்திலேயே தவறு.

அப்போது இன்டெல் சொன்ன பதில்தான் முக்கியம். சாதாரணப் பயனருக்கு இந்தத் தவறு 27,000 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்றார்கள். ஐ.பி.எம். தன் பங்குக்கு ஒரு கணக்குப் போட்டு 24 நாளுக்கு ஒருமுறை வரலாம் என்றது. ஐ.பி.எம்.முக்கும் தன் வியாபாரக் கணக்கு இருந்தது, அது வேறு விஷயம். ஒரே சிப், ஒரே தவறு, இரண்டு விடை. ஏன்? "சாதாரணப் பயனர் என்ன செய்வார்" என்று இருவரும் தத்தம் கற்பனையில் ஒரு ஆளை வைத்துக் கணக்குப் போட்டார்கள். கடைசியில் சிப்பை மாற்றித் தர ஒப்புக்கொண்டு இன்டெல் 475 மில்லியன் டாலரைச் செலவுக் கணக்கில் எழுதியது. நீங்கள் நேரில் போகாத இடத்திலெல்லாம் உங்களுக்குப் பதிலாக இப்படி ஒரு கற்பனைப் பயனர் உட்கார்ந்திருப்பார். அவர் உங்களைவிட ரொம்பப் பொறுமைசாலி.

இனி, எனக்கு மிகவும் பிடித்த கதை. பூஜ்ஜியத்துக்கு மிக அருகில் என்ன நடக்க வேண்டும் என்பது பற்றியது. கொஞ்சம் நுணுக்கம், ஆனால் நாற்பது வருடம் இழுத்த சண்டை என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

754-க்கு முன்னால் ஒவ்வொரு கணினிக்கும் ஒவ்வொரு கணக்கு. சில இயந்திரங்களில் ஒரு எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தால் பூஜ்ஜியம் இல்லை என்று சொல்லும், அதையே வகுத்தலில் போட்டால் பூஜ்ஜியம் என்று சண்டைக்கு வரும். அதனால் வகுப்பதற்கு முன் அந்த எண்ணை 1.0-ஆல் பெருக்கி, பிறகு பூஜ்ஜியமா என்று பார்ப்பது நிரலாளர்களின் வழக்கம். புதிதாக வந்தவர் "ஒன்றால் ஏன் பெருக்குகிறார்கள், வீண்" என்று அந்த வரியை எடுத்துவிட்டால் போச்சு.

1977-இல் குழு கூடத் தொடங்கியபோது, பெர்க்கிலியின் பேராசிரியர் வில்லியம் கஹான், அவரோடு ஜெரோம் கூனன், ஹரால்ட் ஸ்டோன் ஆகியோர் ஒரு வரைவை வைத்தார்கள். கஹான் அப்போது இன்டெலின் 8087 சிப்புக்கு ஆலோசகரும்கூட. வரைவில் படிப்படியான அண்டர்ஃப்ளோ என்று ஒரு அம்சம். சாதாரண எண்களில் மிகச் சிறியதற்குக் கீழே போனதும் சட்டென்று பூஜ்ஜியத்தில் குதித்துவிடாமல், துல்லியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்தபடி படியிறங்குவது. அந்தப் படிகளில் இருக்கும் எண்களுக்கு இன்று சப்நார்மல் என்று பெயர். இதனால் என்ன லாபம்? இரண்டு எண்கள் சமமில்லை என்றால் அவற்றின் வித்தியாசம் பூஜ்ஜியம் ஆகாது. "சமமில்லையென்றால் வித்தியாசத்தால் வகு" என்று எழுதியவரின் நிரல் பூஜ்ஜியத்தால் வகுத்து விழாது. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு கணினியிலும் அப்படியே நிற்கும்.

டெக் (DEC) என்ற கணினி நிறுவனம் எதிர்த்தது. அவர்களுடைய வேக்ஸ் கணினிகள் அப்போது எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இருந்தன, அவற்றில் இந்தப் படிகள் கிடையாது. சிப்பில் செய்வது கடினம், வேகம் குறையும், பயனர்களுக்குத் தேவையும் இல்லை என்றார்கள். தேவையில்லை என்று நிரூபிக்க, பிழைப் பகுப்பாய்வில் பெயர்பெற்ற மேரிலாந்துப் பேராசிரியர் ஜி.டபிள்யூ. ஸ்டூவர்ட்டை ஆராயச் சொன்னார்கள். அவர் சிப் விற்கிறவர் இல்லை. அணிக் (மேட்ரிக்ஸ்) கணக்குகளுக்கு நிரல் எழுதுகிற, அதாவது கணினியின் எண்கணிதத்தைத் தினமும் பயன்படுத்துகிற ஆள். 1981-இல் பாஸ்டனில் நடந்த கூட்டத்தில் தன் முடிவைச் சொன்னார்: எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் படிப்படியான அண்டர்ஃப்ளோதான் சரி. கூப்பிட்டவர்களுக்கு எதிராகவே சாட்சி. சண்டை அதோடு ஓய்ந்துவிடவில்லை, ஆனால் தராசு அந்தப் பக்கம் சாய்ந்தது. 1985 தரநிலையில் சப்நார்மல் இடம்பிடித்தது. கஹானுக்கு 1989-இல் டூரிங் விருது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சி மொழியின் ஜிசிசி கம்பைலரில் ஃபாஸ்ட்-மேத் என்று ஒரு விசை உண்டு. தரநிலையைக் கொஞ்சம் ஓரங்கட்டிவிட்டு வேகமாக ஓடு என்று பொருள். அதைப் போட்டுக் கட்டிய நிரல் தொடங்கும்போதே சிப்பில் ஒரு பிட்டைத் தட்டிவிடும். அதன் பிறகு சப்நார்மல் எல்லாம் பூஜ்ஜியம். தன் நிரலில் ஒருவர் அதைத் தெரிந்தே செய்துகொண்டால் அவர் பாடு. ஆனால் பகிர்வு நூலகமாக, அதாவது பல நிரல்கள் ஏற்றிப் பயன்படுத்தும் பொதுத் துண்டாக, கட்டினாலும் அதே வேலை நடந்தது. அந்த நூலகத்தை யார் ஏற்றினாலும் அவருடைய கணக்கும் மாறிவிடும். பைத்தானில் எங்கோ ஒரு மூலையில், வலை இணைப்புக்காக ஒரு பொதியை இழுத்துப் போட்டால், சம்பந்தமே இல்லாத எண்கணிதத்தில் சப்நார்மல் காணாமல்போகும். 2022-இல் ஒரு பயனர், தன் நிரல் தந்த வினோதமான எச்சரிக்கைச் செய்தியைப் பிடித்துக்கொண்டு நூல் பிடித்தாற்போல் பின்னால் போய், இதற்குக் காரணமான பொதிகளைத் தேடிப் பட்டியலே போட்டுவிட்டார். ஜிசிசி 13-இல், 2023-இல், பகிர்வு நூலகங்கள் அந்த பிட்டைத் தொடாதபடி மாற்றினார்கள். கம்பைலர்காரர்களுக்கு விஷயம் முன்பே தெரியும், பிழைப் பட்டியலில் வருடக்கணக்காகக் கிடந்ததுதான். ஆனால் யாருக்கு எங்கே வலிக்கிறது என்று ஒருவர் ஊர் பேர் தெரியக் காட்டிய பிறகுதான் வேகம் வந்தது.

ஜிசிசி பிழைப் பட்டியலில் 323 என்ற எண்ணும் பிரபலம். 2000-இல் பதிவானது. பழைய இன்டெல் சிப்புகள் உள்ளுக்குள் 80 பிட்டில் கணக்குப் போட்டு, நினைவகத்தில் வைக்கும்போது 64 பிட்டுக்கு வெட்டும். அதனால் ஒரே கோவையை இரண்டு முறை போட்டால் இரண்டு விடை வரும். "இது பிழை அல்ல" என்று மூடினார்கள், மறுபடி யாராவது வந்து அதே புகாரைப் பதிவார்கள், மறுபடி மூடுவார்கள். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட நகல் புகார்கள் சேர்ந்தன. 2010-இல் ஜிசிசி 4.5-இல்தான் தரநிலைப்படி வெட்டச் சொல்லும் விசை வந்தது. அடுத்த வருடமே அதே 80 பிட் விவகாரம் பிஎச்பி மொழியில் வேறு வேஷத்தில் தலைகாட்டியது. 2.2250738585072011e-308 என்ற எண்ணைக் (e-308 என்றால் பத்தின் மைனஸ் 308-ஆம் அடுக்கால் பெருக்கு என்று பொருள்) கொடுத்தால் 32 பிட் பிஎச்பி முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே நின்றுவிடும். யார் வேண்டுமானாலும் ஒரு வலைப் படிவத்தில் அந்த எண்ணைத் தட்டிச் சர்வரைப் படுக்கவைக்கலாம். அந்த எண் எங்கே இருக்கிறது தெரியுமா? சாதாரண எண்களும் சப்நார்மல்களும் சந்திக்கிற எல்லைக்கோட்டில்.

ஜாவாவிலும் இதே 80 பிட் சிக்கல் இருந்தது. வேகத்துக்காக 1998-இல் விதியைத் தளர்த்தி, கண்டிப்பு வேண்டுமென்றால் ஸ்ட்ரிக்ட்-எஃப்-பி என்று தனியாக எழுதச் சொன்னார்கள். 2021-இல் ஜாவா 17-இல் எல்லாவற்றையும் திரும்பக் கண்டிப்பாக்கிவிட்டார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், எந்தக் கதவைத் தட்டுவது என்று பாருங்கள். பெயின்ட் கடைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அதை 754 குழுவுக்கு எழுதினால், "பாதி வந்தால் பூஜ்ஜியத்தைவிட்டு விலகும் பக்கம் தள்ளு" என்ற ரவுண்டிங் 2008 பதிப்பிலேயே இருக்கிறதே என்று பதில் வரும். உண்மைதான். முழு எண்ணாக்கும்போது அந்த வழி உண்டு, தசம வடிவங்களுக்கு எல்லாக் கணக்கிலும் அது கட்டாயம். வங்கியாளர் ரவுண்டிங்கைத் தேர்ந்துகொண்டது பைத்தான் 3. பைத்தான் 2 வேறு மாதிரிதான் செய்துகொண்டிருந்தது. ஆகவே தட்ட வேண்டியது மொழியின் கதவு. அந்தப் பெண்ணுக்கு உடனடி வழி பைத்தானின் டெசிமல் தொகுதியில் இருந்தது, இரண்டு வரி மாற்றத்தில் ஆடிட்டர் சமாதானமானார். ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் எழுதியிருந்தால் அப்படி ஒரு தொகுதி மொழியோடு வராது. தசம எண்ணைச் சேர்க்கும் முன்மொழிவு அந்த மொழியின் குழுவில் இன்னும் தொடக்க நிலையில்தான் நிற்கிறது. கடைக்கணக்கு உதாரணங்களுக்கு அங்கே மதிப்பு அதிகம்.

பொதுவாக என் அனுபவம் இது. முதலில் மொழி அல்லது கம்பைலரின் பிழைப் பட்டியல். ஒரே சிக்கல் இரண்டு மூன்று மொழிகளில் வெவ்வேறு விதமாக வந்தால், அப்போது தரநிலையே தெளிவாகச் சொல்லவில்லை என்று பொருள், 754 குழுவுக்கு எழுதலாம். 2019 திருத்தத்தில் இப்படி ஒன்று நடந்தது. 2008 பதிப்பில் இரண்டு எண்களில் பெரியதைத் தேர்ந்தெடுக்கும் செயலுக்கு ஒரு வரையறை இருந்தது. பட்டியலில் 'எண் அல்ல' என்ற குறியீட்டின் (பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுப்பது போன்ற அர்த்தமற்ற கணக்குக்கு வரும் விடை) ஒரு வகை கலந்துவிட்டால், எந்த வரிசையில் ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறியது. வேலையைச் சிப்பின் பல கருக்களுக்கு (கோர்) பிரித்துக் கொடுக்கும் இன்றைய நிரல்களில் வரிசை யார் கையிலும் இல்லை. அந்த வரையறையை நீக்கிவிட்டுப் புதியவை வைத்தார்கள். எத்தனை கருவில் ஓட்டினாலும் கூட்டுத்தொகை கடைசி பிட் வரை ஒன்றாகவே வர வேண்டும் என்று கேட்டவர்களுக்காக, கூட்டலில் உதிரும் மிச்சத்தையும் சேர்த்துத் தரும் செயல்களையும் பரிந்துரையாகச் சேர்த்தார்கள்.

குழுவில் கலந்துகொள்ள ஐ.இ.இ.இ. உறுப்பினராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இறுதி வாக்கெடுப்பில் வாக்களிக்கத்தான் உறுப்புரிமையோ கட்டணமோ தேவை. அந்த வாக்கெடுப்பில் வாக்காளர்களைத் தயாரிப்பாளர், பயனர் என்று வகை பிரிப்பார்கள், எந்த ஒரு வகையும் மற்றவர்களை அமுக்கிவிடக் கூடாது என்பது விதி. வாக்குச் சீட்டுகளில் 75 சதவீதம் திரும்பி வர வேண்டும், அவற்றில் 75 சதவீதம் ஆதரவாக இருக்க வேண்டும். எதிர்த்தவர்களின் குறிப்புகளைப் பரிசீலித்துப் பதில் எழுதாமல் மேலே போக முடியாது. அதாவது பயனருக்கென்று நாற்காலி போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து இன்னொரு வழி, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ். 754 சர்வதேச அளவில் 60559 என்ற எண்ணிலும் வெளியாகிறது. பிஐஎஸ் தன் வரைவுகளைப் பொதுமக்கள் கருத்துக்குச் சுற்றுக்கு விடும், யார் வேண்டுமானாலும் எழுதலாம். கூட்டம் கம்மியான வரிசை அது.

எழுதும்போது தயவுசெய்து "0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது" என்று எழுதாதீர்கள். அதைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்குக் கண் பூத்துப்போயிருக்கும். பைனரியில் 0.1 முழுதாக அடங்காது, மூன்றில் ஒன்று தசமத்தில் அடங்காதது போல. அதை எந்தக் குழுவாலும் திருத்த முடியாது. "754-ஐயே தூக்கிப் போட்டுவிட்டு பாசிட் எண்களுக்கு மாறுங்கள்" என்று எழுதுவதும் வீண். (பாசிட் என்பது 754-க்கு மாற்றாக முன்வைக்கப்படும் வேறொரு எண் வடிவம்.) பாசிட் ஆதரவாளர்கள் 2022-இல் தங்களுக்கென்று தனித் தரநிலையே வெளியிட்டுவிட்டார்கள், அது தனி ஊர்.

எழுத வேண்டியது, கணக்கை உதைக்க வைக்கும் மிகச் சின்ன நிரல். ஐயாயிரம் வரியிலிருந்து ஐந்து வரிக்குக் குறுக்குங்கள். குறுக்குகிற வேலையிலேயே பாதி நேரம் தவறு உங்களுடையது என்று தெரிந்துவிடும், அதுவும் நல்லதுதான். எண்களை 17 இலக்கத்தோடு அச்சிடுங்கள், அதற்குக் குறைந்தால் இரண்டு வேறு எண்கள் ஒன்றுபோலத் தெரியும். எந்தச் சிப், எந்தப் பதிப்பு, கம்பைலரில் எந்த விசைகள் என்று சொல்லுங்கள். அப்புறம், பலரும் விட்டுவிடுகிற ஒன்று: சரியான விடை எது, அதை யார் முடிவு செய்தது என்று சொல்லுங்கள். சட்டமா, ஒப்பந்தமா, பாடப்புத்தகமா? குழுவில் இருப்பவர்களுக்குப் பிழைப் பகுப்பாய்வு உங்களைவிட நூறு மடங்கு தெரியும். 170-ஆம் பிரிவு அவர்களுக்குத் தெரியாது. கடைசியாக, இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒன்றால் பெருக்கிப் பார்த்த அந்தக் காலத்து வரி மாதிரி, நீங்கள் போட்டிருக்கும் ஒட்டுவேலைதான் தரநிலையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அவர்களுக்குக் காட்டும்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், செயற்கை நுண்ணறிவுக்காக 8 பிட் எண் வடிவங்கள் வந்துவிட்டன. சிப் நிறுவனங்கள் கூடி 2023-இல் ஒரு வரையறை வெளியிட்டன, ஐ.இ.இ.இ.யிலும் இதற்கென்று 3109 என்ற எண்ணில் தனிக் குழு வேலை செய்கிறது. 8 பிட் என்றால் மொத்தமே 256 குறியீடுகள்தான். முடிவிலிக்கு ஒன்று ஒதுக்குவதா, மைனஸ் பூஜ்ஜியம் வேண்டுமா, எண் அல்லாததற்கு எத்தனை கொடுப்பது என்று ஒவ்வொரு குறியீட்டுக்கும் சண்டை. அந்த வடிவங்களில் ஓடும் மாதிரிகளைத் தமிழ்ப் பேச்சைக் கேட்டு எழுதவோ, மருத்துவப் படம் பார்க்கவோ பயன்படுத்துகிறவர்கள் அந்தச் சண்டையில் அநேகமாக இல்லை.

உங்கள் கேள்வியின் கடைசியில், சற்றுத் தயங்கி, "ஆங்கிலம் சரளமாக வராது, பரவாயில்லையா" என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தப் பெண்ணும் இதையே கேட்டாள். நாங்கள் உட்கார்ந்து எழுதியது மொத்தம் ஆறு வரி. மதிப்பு 625.00. வரி 18 சதவீதம், தொகை 112.50. சட்டம் கேட்பது 113, பிரிவு 170. பைத்தான் 3 தருவது 112. திரும்பி வந்த சரக்குக்கு ஜாவாஸ்கிரிப்ட் மைனஸ் 112, எக்செல் மைனஸ் 113. மாதம் ஏழு ரூபாய் உதைக்கிறது, தேடுவதற்கு இரண்டு நாள் ஆகிறது. இதில் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய வாக்கியம் கடைசி ஒன்றுதான், அதையும் அவளே எழுதிவிட்டாள்.